குமிழி கண்ட விழி

கூரைகளின்மேல் இளவெயில் பொன்னீரெனப் படர, ஆலைப் புகைக்கூண்டுகள் வானில் கரிய நூல் நூற்க, கடை திறப்போரும் பணிக்கு விரைவோரும் தெருக்களை நிறைத்துக்கொண்டிருந்த காலைப் பொழுது அது. நகரின் வடபால் நின்ற கண்ணாடித் தொழிற்சாலையில், சாளரத்தை அடுத்த நீண்ட மேசையருகே, ஊதி ஆறவைத்த குடுவைகளை ஒவ்வொன்றாய் ஒளியில் தூக்கிப் பிடித்துக் குறை தேர்ந்துகொண்டிருந்தாள் ஒருத்தி. கடுகினும் சிறிய குமிழியும் மயிரினும் மெல்லிய கீறலும் அவள் பார்வைக்குத் தப்பியதில்லை. ‘கழுகுக்கண்’ என்று ஆலையில் அவளுக்குப் பெயர். அப்பெயரை அவளும் அணிகலன்போல் சூடியிருந்தாள்.

அன்று மேலாளர் அவளை அழைத்தார்.

“கண்ணாடி ஊதுறவங்களுக்கெல்லாம் உங்களைத் தலைமையா வைக்கலாம்னு இருக்கேன்மா. உங்களுக்கு எது வரும், எது வராதுன்னு யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க.”

எளிய வினாவே. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணியும், வருவது ஒன்றே அவளுக்குத் தென்பட்டது. முன்னறையில் தையற்பொறியின்முன் அமர்ந்திருந்த கணவனிடம் கேட்டாள்.

“ஏங்க, எனக்கு என்ன நல்லா வரும்?”

“குத்தம் கண்டுபிடிக்கறது.”

“வேற?”

பொறி நின்றது. “கோவிச்சுக்க மாட்டியே? உன் செருப்புச் சத்தம் கேட்டா, பாதி தைச்ச சட்டையை உள்ளே வச்சிட்டு, பழைய கிழிசலை எடுத்துத் தைப்பேன். நம்ம பொண்ணும் வரைஞ்சதை உன்கிட்ட காட்டறதே இல்ல. உனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியாது. ஊரார் குடுவையிலெல்லாம் குறை கண்ட விழி, தன் வீட்டார் தன்னைக் கண்டு ஒடுங்கியதைக் கண்டிலது. கொல்லைப்புறப் படியில் அமர்ந்து, தன்னையே ஒரு குடுவையாக்கி ஒளியில் பிடித்துப் பார்த்தாள். குறை பெரிது. ஆயினும் நேர்மையாளர் குறையோடு நிறையையும் நோக்குவர் அன்றோ? நெடுநாள்முன் ஒரு முதியவர் ஊதிய கலங்களில் தொடர்ந்து குமிழி விழுந்ததும், கவனமின்மை என்று பிறர் கடிந்ததும், அவர் மூச்சே உடைகிறதென்று தான் உணர்ந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றதும், அவர் நலம் பெற்றதும் அவள் நினைவில் எழுந்தன. குமிழியைக் கண்டபோது ஊரார் புகழ்ந்தனர்; குமிழிக்குப் பின்னிருந்த ஆளைக் கண்டபோது எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. புகழ் விழுந்த பக்கமே தான் வளர்ந்துவிட்டதை அவள் அறிந்தாள். பொழுது சாய, மகள் வந்து அருகில் அமர்ந்தபோது, அவளது கலைந்த கூந்தலையும் வண்ணக்கறை படிந்த கையையும் கண்டும் தாய் ஒரு குறையும் கூறவில்லை. “உடம்பு சரியில்லையாம்மா?” என்று மகள் வினவினாள்.

மறுநாள் மேலாளரிடம் சொன்னாள்: “குறை கண்டுபிடிக்க வருங்க ஐயா. அதை நோகாம சொல்ல வராது. அது ஏன் வந்துச்சுன்னு ஆளைப் பார்த்துக் கேக்க ஒரு காலத்துல வந்துச்சு, பழக்கம் விட்டுப்போச்சு. கொஞ்ச நாள் உலைப்பக்கம் நிக்கிறேன். ஊதுறவங்க சரின்னா அப்புறம் தலைமை குடுங்க.”

மேலாளர் எதிர்பார்த்த விடை அதுவன்று, எனினும் இசைந்தார்.

உலைக்களத்தில் அவள் அடி வைத்ததும், புயல் கண்ட பறவைகள்போல் பேச்சடங்கினர் ஊதுவோர். தடித்த மீசையர் ஒருவர் ஊதிய குடுவையை அவள் எடுத்தாள். கழுத்து கோணியிருந்தது. வழக்கமான சொல் நாநுனிவரை வந்தது, அதை விழுங்கினாள்.

“அண்ணே, கழுத்து ஒரு பக்கமா இழுக்குது. தோள் வலிக்குதா?”

அவர் ஊதுகுழலைத் தாழ்த்தினார். “ரெண்டு வாரமா கையைத் தூக்க முடியலம்மா. யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

அவள் முக்காலி ஒன்றை இழுத்து அவர்பக்கம் இட்டாள். சற்றுத் தயங்கி அவர் அமர, மற்றவர் பேச்சு மெல்லத் தொடங்கிற்று.

அறிவுடையீர், பிறர் இட்ட பெயரையே தம் உருவெனக் கொண்டு வாழ்நாளைக் கழிப்பார் பலர். அப்பெயருக்கு அப்பால் தமக்குள் தூர்ந்து கிடக்கும் ஊற்றை ஒருநாளேனும் தோண்டிப் பார்ப்பார் சிலரே. அவர்க்கும் அந்நீர் உடனே தெளிவதில்லை, ஆயினும் ஊறத் தொடங்கிவிடுகிறது.