மங்கு கிடந்த மேடு

சிரம்பானிலிருந்து கிளை ரயில் வருகிறது என்றதும் ரப்பர்த் தோட்டமே கால் தரையில் பாவாமல் திரிந்தது. காலையில் ஏறிப் பட்டணம் போனால் மாலையில் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடலாமாம். ஜன்னலோரம் தனக்குத்தான் என்று ராமசாமி இப்போதே ஊரெல்லாம் சொல்லிவைத்தான். பாதை எந்த வழியாகப் போகிறது என்று கேட்டவள் அவன் மனைவி தாயம்மா மட்டும்தான். பிள்ளைகளைப் புதைத்த மூலை வழியாக.

அங்கே ஐந்து சின்ன மேடுகள். ஒன்றில் அவள் மகள், ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனவள். ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு ஒன்றைத் தலைமாட்டில் வைத்து, வெள்ளிதோறும் அதில் பசும்பால் ஊற்றுவாள். துரையின் மங்கு அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று லயத்தில் ஒரு மாதம் பேச்சு ஓடியது.

எலும்பை வேறிடம் மாற்ற ரயில்வேக்காரர்கள் கெடு வைத்திருந்தார்கள். கெடு நாள் விடிந்ததும் தாயம்மா புதுத்துணியோடு போனாள். காடு வெட்டியவர்கள் புல்லோடு மேடுகளையும் செதுக்கியிருந்தார்கள். ஐந்து செம்மண் திட்டுகள்தான் மிச்சம். அடையாளத்துக்கு வைத்த மங்கைக் காணோம்.

"நாந்தான் எடுத்தேன். கீழ கெடக்குற மங்கு ஸ்டோருக்குப் போவணும்னு தொரை உத்தரவுலா," என்றான் காடு வெட்டுகிறவர்களை மேய்க்கும் புது மண்டோர் நல்லசாமி, பெருமையாக.

"எந்த எடத்துலேந்து எடுத்த?"

"புல்லுக்குள்ள கெடந்துச்சு. நா என்னத்தக் கண்டேன்?"

கணக்கெழுத வந்த ரயில்வேக் கிராணி சிவசிதம்பரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஒரு குடும்பத்துக்கு ஒரு குழிதான் தோண்டலாம். பின்னேரம் பாதைக்கு மண் கொட்டத் தொடங்கிடுவினம். எது உம்மட பிள்ளையின்ர?"

வேடிக்கை பார்க்க வந்த லயத்துப் பெண்கள் நெருங்கிக் கூடினார்கள். தாயம்மா நடுத்திட்டைக் காட்டினாள். தோண்டினார்கள். சின்ன எலும்புகளோடு ஒரு வெள்ளிக் காப்பு வந்தது.

தாயம்மாவின் தாலியே மஞ்சள் கயிறுதான். அவள் மகள் கையில் கறுப்பு மணிதான் கிடந்தது. வெள்ளிக் காப்பு லயத்தில் இருந்த பஞ்சாலை என்பவளின் பிள்ளையுடையது. அந்தக் காப்பைப் பற்றி லயம் ஆறு மாதம் பொருமித் தீர்த்திருக்கிறது. பஞ்சாலை சொந்த ஊருக்கே கப்பலேறிவிட்டாள்.

தன் பிள்ளை இல்லை என்றால் மூடிவிடுவார்கள். இந்தப் பிள்ளைமேலும் மண் விழும். வேறு குழியும் கிடையாது. தாயம்மா காப்பை எலும்போடு சேர்த்துத் துணியில் முடிந்தாள்.

"எம்புள்ளதாங்கய்யா."

முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் நடந்தார்கள். காப்பை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று அவள் நினைத்தாள்.

முதல் ரயிலில் ராமசாமிக்கு ஜன்னலோரமே கிடைத்தது. பெட்டியில் பெண்களின் வம்பு சக்கரச் சத்தத்தையும் மிஞ்சியது. மகள் இன்னும் மண்ணுக்கடியில் கிடக்கும் அந்த மூலை நெருங்கியதும் தாயம்மா இரண்டு கால்களையும் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"காலு கடுக்குதா?" என்றான் ராமசாமி.

பெண்களின் பேச்சு நின்றிருந்தது. தலைநிமிர்ந்து பார்த்தாள். எதிர்ப்பலகையில், பக்கத்துப் பலகையில், ஒரு பெண்ணின் காலும் தரையில் இல்லை.