மறுபடி கேட்டால்தானே

கேக்கின் மேல் கானரின் பெயரை நீல எழுத்தில் எழுதியிருந்தார்கள். காகிதத் தட்டைப் பிடித்திருந்ததால் கை தட்ட முடியவில்லை என்பது பெய்ஷானுக்கு நல்ல சாக்காகப் போயிற்று. கணினிச் சிப் பரிசோதனைப் பிரிவுக்குக் கானர்தான் இனித் தலைவன். அவன் இந்த சான் ஹோசே அலுவலகத்துக்குப் புதிதாக வந்தபோது, இயந்திரத்தை எந்தப் பக்கம் திறப்பது என்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் அவள். "எல்லாம் நீங்க கத்துக் குடுத்ததுதான், பெய்ஷான்" என்று அவனே வந்து சொன்னான். நல்ல பையன். மனசுக்குள் திட்டிக்கூடத் தீர்த்துக்கொள்ள முடியவில்லை.

போன மாதம் மேலாளர் டக் முதலில் கேட்டது அவளைத்தான். காபி இயந்திரத்தில் கோப்பை நிறையும் வரை காத்திருந்த நேரத்தில், போகிற போக்கில், "பிரிவ நீங்க நடத்துறீங்களா?" என்றார். பத்து வருஷத்துக்கு மேலாக அவள் காத்திருந்த கேள்வி. வாயோ, "எனக்கு அந்தத் தகுதியெல்லாம் எங்க இருக்கு? என்னவிட நல்லவங்க இருக்காங்களே" என்றது. தைவானில், தைனான் ஊரில் அவள் வளர்ந்த வீட்டில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக்கூட முதல் தடவையே கை நீட்டி வாங்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கொடுப்பவர் வற்புறுத்த வேண்டும், பிறகுதான் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அமெரிக்காவுக்கு வந்த இத்தனை காலத்தில் விருந்துக்குக் கூப்பிட்டால் உடனே சரி சொல்லப் பழகிவிட்டாள். ஆனால் உயிரையே வைத்திருந்த ஒன்று எதிரே வந்து நின்றபோது நாக்கு பிறந்த ஊருக்கு ஓடிவிட்டது. "ஓ, சரி" என்று டக் கோப்பையோடு போய்விட்டார்.

அன்று வீட்டில் கணவன் யீஃபான் தலையில் அடித்துக்கொண்டான்.

"வெத்தல பாக்கு வச்சு அழைப்பாருன்னு நெனச்சியா? இங்க ஒரு தடவதான் கேப்பாங்க."

"இத்தன வருஷம் கூட வேல பாத்தவருக்கு என் மனசு தெரியாதா?"

"தெரிஞ்சுக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து?"

தப்பு தன்னுடையதுதான் என்று அவளும் ஒருவழியாக நம்பியிருந்தாள்.

கேக் தீர்ந்ததும் டக் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவளுக்காக ஒரு பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்திருக்கிறாராம்.

"வேலையில உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா தலைமைக்குன்னு ஒரு மிடுக்கு வேணும். கூட்டத்துல நீங்க வாயே திறக்கறதில்ல."

திறக்காமல் என்ன? வாடிக்கையாளர் முன்னால் ஒருநாள் "இந்தக் கணக்கு தப்பு" என்று சொன்னாள். தப்பாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே இதே டக், "கொஞ்சம் கடுமையா இருந்துச்சு" என்றார். அதே வார்த்தையைக் கானர் சொன்னபோது துணிச்சல் என்று முதுகில் தட்டினார். பேசினால் கடுமை, பேசாவிட்டால் மிடுக்கில்லை. இந்தத் தளத்தில் பாதிப் பேர் தைவான், கொரியா, வியட்நாம்காரர்கள். மேலதிகாரிகள் இருக்கும் மேல்மாடி அறைகளில் அவர்களில் ஒருத்தர்கூட இல்லை. அத்தனை பேருக்குமா மிடுக்கு இல்லாமல் போயிற்று?

டக் அவளை உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சிரித்தார்.

"தயக்கம் எல்லாருக்கும் வரும். கானரே மொதல்ல முடியாதுன்னுதான் சொன்னான். இன்னும் பக்குவம் வரலையாம். பீர் குடிக்கக் கூட்டிட்டுப் போயி, பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தேன்."

பெய்ஷான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எத்தன தடவ கேட்டீங்க?"

"யார?"

"அவன."

டக் யோசித்தார். "ஞாபகமில்ல. மூணு, நாலு தடவ இருக்கும்."

"என்னை?"

"நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே, பெய்ஷான்."

"அவனுந்தான் வேண்டாம்னான்."

இந்த மாதிரி இடங்களில் அவள் ஒரு சிரிப்புச் சிரித்து, பரவாயில்லை என்று எழுந்து எதிராளியைக் காப்பாற்றிவிடுவது வழக்கம். டக் அந்தச் சிரிப்புக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ கதவை லேசாகத் தட்டிவிட்டு, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துத் திரும்பிப் போனார்கள். டக்கின் கழுத்திலிருந்து காது வரை மெல்லச் சிவப்பு ஏறியது. அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.