துரத்துகிற படகு

எங்கள் துறைமுகக் கடற்காவல் அலுவலகத்துக்கு இரண்டு சன்னல்கள். ஒன்று ஆளைக் காப்பாற்ற, மற்றது ஆளைப் பிடிக்க. காப்பாற்றும் படகு எட்டு மாதமாகக் கரையில் கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. பிடிக்கிற படகுக்கு மூன்று எஞ்சின்.

அன்று மதியம் தென்காற்று கிளம்பியதும் என் தங்கை ஜுஹைனா என் வலைக்கடைக்குள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அவள் புருஷன் மோன்ஜி கடலிலிருந்து போன் செய்திருந்தான்: எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது.

முதல் சன்னலில் காவலர் லஸ்அத் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"காப்பாத்தணும்னா எழுதிக் குடுங்க. தலைநகர் துனிஸ்ல கேட்டு, வேற ஊர்ப் படகு நாளைக்கு வரும்."

"நாளைக்கு வந்து யாரைக் காப்பாத்துவே, மீனையா?" என்றாள் ஜுஹைனா. "அதோ நிக்குதே ஒரு படகு!"

"அது துரத்துற படகும்மா. யாருக்கு எந்த வேலைன்னு பிரிச்சு எழுதி வெச்சிருக்காங்க."

நாற்பது வருடமாக வியாபாரம் செய்கிறேன். விலைபோகாத சரக்கை வேறு பெயர் சொல்லி விற்றிருக்கிறேன். அடுத்த சன்னலில் போய் நின்றேன். லஸ்அத்தும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அங்கே வந்தான்.

"தீவுக்குத் தெற்கே நீலப் படகு. உள்ளே கள்ளச் சிகரெட். பேரு மோன்ஜி."

"சாட்சி?"

"நான்தான். எனக்குப் பங்கு தரலை."

"இது நம்ம வேலை," என்று லஸ்அத் கையெழுத்துப் போட்டான். ஆறு நிமிடத்தில் படகு பறந்தது.

மோன்ஜி வந்தான், உயிரோடும் கைவிலங்கோடும். படகில் இருந்தது இரண்டு ஆக்டோபஸ். சரக்கைக் கடலில் எறிந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள்.

"முதல்ல சொன்னதைக் கேட்டே இல்லே?" என்று லஸ்அத்தின் சட்டையைப் பிடித்தேன்.

"அது அந்தச் சன்னல்ல கேட்டது. பொய்ப்புகார்னு எழுதிக் குடுங்க. அவர் வெளியே, நீங்க உள்ளே."

பேனாவை எடுத்தேன். கம்பிக்குப் பின்னாலிருந்து மோன்ஜி கத்தினான்: "எழுதாதே மச்சான்! ஒரு தடவை பொய்ன்னு ஆயிட்டா, இனிமே உன் பேச்சை நம்பிப் படகை எடுக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்க இன்னும் பதினோரு பேர் கடல்ல இருக்காங்க."

ஜுஹைனா என் முகத்தைப் பார்த்தாள். நான் பேனாவை வைத்தேன். உள்ளே போக எனக்குப் பயம் இல்லை என்று இன்றுவரை அவளிடம் சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சரக்கை வாங்க மாட்டேன் என்கிறாள்.

மோன்ஜிக்கு நான்கு மாதம் சிறை. படகு ஏலத்தில் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் என் சாட்சியில் மேலும் மூன்று 'கடத்தல்காரர்கள்' உயிரோடு பிடிபட்டார்கள்.

துனிஸிலிருந்து பாராட்டு வந்தது, கூடவே துரத்துகிற படகு இன்னொன்று. காப்பாற்றச் சொல்லி இந்தத் துறைமுகத்தில் யாருமே கேட்பதில்லை என்று முதல் சன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள்.