எப்போதும் என்ற சொல்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. புனித நிக்கோலாவின் தாடிமேல் ஆணை.

தெமெனுகா, அப்பாவின் தலைமாட்டிலிருந்த மருந்து ஏற்றும் இயந்திரத்தின் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் ஸ்டாங்கா இடுப்பில் கைவைத்தாள்.

“கைய எடும்மா. வெறும் ‘வெலிசார்’னு போட்டிருக்கு. அடுத்த வார்டுலயும் ஒரு வெலிசார் இருக்காரு. பேரு, அப்பா பேரு, குடும்பப் பேரு, மூணும் இருக்கணும்.”

“சாயங்காலம் போட்டுக்கலாமே சிஸ்டர்.”

“அவரு மருந்து இவருக்கு ஏறிட்டா நீயா பதில் சொல்லுவ? இரு, டாக்டரையே கூட்டிட்டு வரேன்.”

கட்டிலில் வெலிசார் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். அவர் பயந்த பயத்தில் பக்கத்துக் கட்டில்காரருக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டது. சாவுக்குப் பயந்த ஆளில்லை. நுரையீரல் போய்விட்டது என்று சொன்ன டாக்டரிடம், “அப்ப இனிமே சிகரெட் செலவு மிச்சம்” என்றவர். பயமெல்லாம் அந்த இயந்திரத்தின்மேல்தான். அதன் நிரலை எழுதியவரே அவர். இன்று அதே கம்பெனியில் அதைப் பார்த்துக்கொள்பவள் மகள்.

பெயரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்க அந்தக் காலத்தில் ஃபங்ஷன் என்ற ஒரு குட்டி நிரல்துண்டை எழுதி, அதன் தலையில் குறிப்பும் போட்டிருந்தார்: ‘இது எப்போதும் கடைசியில் முடிவுக்குறி வைக்கும்.’ வைக்காது. பெயர் இடத்தைக் கச்சிதமாக நிரப்பிவிட்டால் குறிக்கு எங்கே இடம்? குறி இல்லாவிட்டால் பெயர் முடிந்தது இயந்திரத்துக்குத் தெரியாது. இயந்திரத்தின் நினைவகத்தில் பக்கத்து அறைக்குள்ளும் காலை நீட்டும். பக்கத்து அறையில் இருப்பது மருந்தின் அளவு.

“எழுத்த எண்ணிப் பாத்தியா மெனா?” என்றார் வெலிசார் மகளிடம்.

எண்ணியிருந்தாள். மூன்று பெயரும் சேர்ந்தால் இடம் கச்சிதமாக நிரம்பும். உள்ளங்கை வியர்த்துத் திரையில் வழுக்கியது.

“அடுத்து இந்த நிரலப் பாக்க வர்றவனுக்காவது உண்மைய எழுதிவை. மொதல்ல அந்த ‘எப்போதும்’ங்கறதத் தூக்கு.”

திரையிலிருந்து கையை எடுத்து, மடிக்கணினியை அவர் முழங்காலருகே திறந்துவைத்துத் தட்டினாள். “‘இடம் நிரம்பினால் முடிவுக்குறி வைக்காது. பயன்படுத்துபவர் ஓரிடம் கூடுதலாக விட வேண்டும்.’ போதுமாப்பா?”

“ம்.”

“மேல ‘கவனம்’னு போடவா?”

“போடாத. கவனம்னு இருந்தா எவனும் படிக்கமாட்டான். நானே படிச்சதில்ல.”

அவள் சிரித்துவிட்டு நிமிர்ந்தபோது ஸ்டாங்கா, டாக்டரை வாசலில் நிறுத்திவிட்டு, கடைசி எழுத்தைத் தட்டி முடித்திருந்தாள். இயந்திரம் ஒருமுறை கீச்சிட்டது.

“எவ்ளோ காட்டுது?” என்றார் வெலிசார்.

“அதே அளவுதான்ப்பா.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டுதான் இருக்கேன்.”

அவர் நம்பவில்லை. மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார். பிடி தளர்ந்த பிறகும் இயந்திரம் சொன்ன அளவைச் சொன்னபடி இறக்கிக்கொண்டிருந்தது. தெமெனுகா அதை நிறுத்தவில்லை. தொடவே பயமாயிருந்தது.

அடக்கத்துக்கு, ஊர் வழக்கப்படி, கோதுமை அவித்தார்கள். அடுக்குமாடியின் வாசற்கதவில் படத்தோடு ஒட்டிய மரண அறிவிப்பில் மூன்று பெயர்களும் ஒரே வரியில், ஓரத்தில் இடம் மிச்சமிருக்க, அடங்கியிருந்தன. திருத்திய குறிப்பை அவள் அலுவலகத்துக்கு அனுப்பினாள். அதைச் சரிபார்த்த சக ஊழியன் லூபென், “ரொம்பத் தெளிவா இருக்கு மெனா” என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

அந்த ஃபங்ஷனை அந்த இயந்திரத்தின் நிரலில் எந்த வரியும் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.