சிணுங்கி இறங்காத காலை

தீவிலிருந்து சிணுங்கி வருகிறது என்ற செய்தி விமானப்படைத் தளத்தில் முதலில் வந்து விழுந்தது வானிலை அறையில்தான். எந்த விமானம் வருவதாக இருந்தாலும் காற்று எப்படி, மேகம் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள். கேள்வியைப் படித்த மேகக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். வானத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சும்மா போய் நின்றாள்.

மேகக்கா என்பது தளத்துக்காரர்கள் வைத்த பெயர். ஓடுபாதை ஓரத்தில் நின்று மேகத்தின் உயரத்தையும், பனி விழுந்தால் எவ்வளவு தூரம் கண் போகிறது என்பதையும் பார்த்துச் சொல்வது அவள் வேலை. சிணுங்கி என்பது இரண்டு விசிறி வைத்த பழைய சரக்கு விமானம். கிளப்பும்போது பாலுக்கு அழும் குழந்தை மாதிரி மெல்ல ஆரம்பித்து, போகப் போக ஊரைக் கூட்டிவிடும். அதனால் அந்தப் பெயர். ஒரு காலத்தில் தளம் முழுக்கச் சிணுங்கிகள்தான். மலை உச்சி முகாம்களுக்கு அரிசியும், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் படகுகளும் அதன் வயிற்றில்தான் போயின. பிறகு ஜெட் எஞ்சின் வைத்த புதுச் சரக்கு விமானங்கள் வந்தன. அவற்றில் ஒன்று மூன்று சிணுங்கிகளின் சுமையை விழுங்கிவிட்டு இன்னும் கொண்டா என்னும். பழையவற்றை ஒவ்வொன்றாக உடைத்து எடைக்குப் போட்டார்கள். நல்ல நிலையில் இருந்த ஒன்றை மட்டும் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு குட்டித் தீவு நாட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

கூடவே என் மகனையும் கொடுத்துவிட்டார்கள் என்பார் மேகக்காவின் மாமனார்.

அவள் கணவர் அந்த விசிறிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். தளத்தில் எல்லோருக்கும் அவர் விசிறிக்காரர். எஞ்சின் ஓடும்போது தூர நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எந்த விசிறி இலையில் கோளாறு என்று சொல்லக்கூடியவர். வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் ஒரு வாரம் ஆனாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். சிணுங்கியை என் மூத்த மருமகள் என்று மாமனார் கேலி செய்வார். மேகக்காவும் சேர்ந்து சிரிப்பாள். சில நாள் சிரிப்பு வராது.

தீவுக்காரர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவர். அந்த ஒரு வருஷம் இழுத்துக்கொண்டே போய் நாலாவது வருஷத்தில் வந்து நின்றது. நடுவில் ஒரே முறை, மாமியார் இறந்தபோது வந்தார். காரியம் முடிந்த கையோடு கிளம்பிவிட்டார். போனில் பேசும்போதெல்லாம் அடுத்த மாசம் வரப் பார்க்கிறேன் என்பார். அவளும் அடுத்த மாதத்துக்கு என்று மனதைக் கட்டிவைப்பாள். மாதம் வரும்; அவர் வரமாட்டார். மறுபடியும் கட்டவேண்டும். ஆள் இல்லாததைவிட இதுதான் அவளை அரித்தது.

இப்போது தீவில் ஏதோ காய்ச்சல் பரவி, மருந்து தட்டுப்பாடு. மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகச் சிணுங்கி வருகிறது. காலையில் இறங்கி, மறுநாள் காலை திரும்பும். அவரும் கூட வருவதாகப் போன் செய்தார். ஒரு பகல், ஒரு ராத்திரி. மேகக்கா காலைப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், அது இறங்குவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று. மாமனார் முடிவெட்டிக்கொண்டு வந்து, பத்து வயது குறைந்தது போலக் கண்ணாடி முன் நின்றார்.

சிணுங்கி வருவதற்கு முந்தின சாயங்காலம் மேகம் கலைந்து, காற்று சுத்தமாக நின்றுபோனது. மற்றவர்கள் நல்ல வானம் என்றார்கள். அவள் மட்டும் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். தரை ஈரம், காற்று இல்லை, வானம் திறந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட நாளுக்கு மறுநாள் காலை என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தது. விடிந்தபோது பனி இறங்கி, தளமே பஞ்சுப் பொதிக்குள் போட்டுக் கட்டியது போலக் கிடந்தது. வரிசையாக நின்ற போர் விமானங்களின் மூக்கு மட்டும் அங்கங்கே தெரிந்தது. ஜீப்பை நடந்து போகும் வேகத்தில் ஓட்டி, அவளை ஓடுபாதை முனையில் இறக்கிவிட்டார்கள். அங்கே நின்று, பாதை ஓரத்து விளக்குகளில் எத்தனை தெரிகின்றன என்று எண்ணி, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு வயர்லெஸ்ஸில் சொல்லவேண்டும். பன்னிரண்டு தெரிந்தால் இறங்கலாம். குறைந்தால் விமானி முயற்சி செய்யவே கூடாது.

அவள் எண்ணினாள். பத்து தெரிந்தது. பதினொன்று இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

பத்து என்று சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. நாலு வருஷமாகக் கேட்காத சத்தம். பனிக்கு மேலே நல்ல வெயிலில் சிணுங்கி வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவர் அதற்குள் இருந்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது.

கோபுரத்தில் இருந்தவன் அவளைவிட வயதில் சின்னவன், அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறவன். அவனுக்கு எல்லாம் தெரியும். வயர்லெஸ்ஸில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இன்னொரு தடவ நல்லா பாருங்களேன். ரெண்டே ரெண்டு வெளக்குதான். அவங்க ரொம்ப நேரம் சுத்திட்டிருக்க எண்ணெய் பத்தாது," என்றான்.

அவள் மறுபடி பார்த்தாள். கண்ணை இடுக்கினாள், அகல விரித்தாள். ஆசைப்பட்டுப் பார்த்தால் பனிக்குள் எத்தனை விளக்கு வேண்டுமானாலும் தெரியும் போலிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று வரிசையாக ஏற்றிக்கொண்டே போகலாம். கண்ணை மூடித் திறந்து, முதலிலிருந்து எண்ணினாள்.

"பத்துதான் தம்பி," என்றாள்.

அவன் அதையே விமானிக்குச் சொன்னான். மேலே சத்தம் ஒரு முறை பெரிதாகி, பிறகு மலைப்பக்கமாகத் தேய்ந்து தேய்ந்து, பனியில் சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவள் அங்கேயே நின்றிருந்தாள். ஜீப்காரர் ஹாரன் அடித்துக் கூப்பிடவேண்டியதாயிற்று.

மலைக்கு அந்தப் பக்கத்துத் தளத்தில் சிணுங்கி பத்திரமாக இறங்கிவிட்டது. ஆனால் பனி எப்போது விலகும், நாளைக் காலையும் வருமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை, காய்ச்சலோ காத்திருக்காது. தீவில் விமானம் இறங்கும் இடத்தில் விளக்கு கிடையாது, இருட்டுவதற்குள் போய்ச் சேரவேண்டும். அதனால் மருந்துப் பெட்டிகளை லாரியில் அங்கே அனுப்பிவிடுவது, ஏற்றியதும் விமானம் இன்றே கிளம்பிவிடுவது என்று முடிவானது. அதைச் சொன்ன வானிலை அதிகாரி, லாரியில் ஓட்டுநர் பக்கத்து இடம் காலிதான், நான் விளக்கு எண்ணிக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்றார். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையில் பென்சிலைத் தேடியபடியே சொன்னார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் லாரியை நிறுத்தி மாமனாரைக் கூப்பிட்டாள். இடித்துப் பிடித்து உட்காரலாம், வாருங்கள் என்றாள். அவர் சட்டை எல்லாம் போட்டுத் தயாராகத்தான் இருந்தார். லாரியை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார்.

"நீ போம்மா. நான் வந்தா அவன் என்கிட்டயே பேசிட்டிருந்துடுவான்," என்றார்.

பாதி மலை ஏறுவதற்குள் பனி விலகி வெயில் பளீரென்று அடித்தது. ஓட்டுநர் அதைக் கவனித்தும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை விரட்டினார். நல்ல மனிதர்.

சிணுங்கி மேல் தீவின் பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். அதன் இறக்கைக்குக் கீழே, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விசிறிக்காரர் நின்றிருந்தார். தாடி நரைத்து, ஆள் பாதியாகிவிட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வரவில்லை. முதலில் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சொன்னாள். பெட்டிகளை ஏற்றி முடிக்கும் வரைதான் நேரம். உள்ளே ஏறிப் பார்க்கிறாயா என்றார். இத்தனை வருஷத்தில் அவள் அதற்குள் ஏறியதே இல்லை. வலை பின்னிய இருக்கை ஒன்றைக் காட்டி இதுதான் என் இடம் என்றார். உட்கார்ந்து பார்த்தாள். வட்ட ஜன்னலுக்கு நேரே விசிறி நின்றது. வேறு எதுவும் தெரியவில்லை.

அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார். காலையில் பத்து என்ற எண் காதில் விழுந்ததும் விமானி சலித்துக்கொண்டதையும், கீழே நின்று எண்ணுகிறவள் தன் மனைவி என்று அவருக்குச் சொன்னதையும் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"கூட ரெண்டு சொல்லிடலாம்னு இருந்துச்சு," என்றாள்.

"சொல்லியிருந்தா இறங்கியிருப்போம். எப்படி இறங்கியிருப்போம்னுதான் தெரியாது."

பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே வந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் அவளுக்கு நேரம் குறைந்தது. கேட்கவேண்டியதை அப்போதே கேட்டுவிட்டாள்.

"அவங்க விடலையா, நீங்க வரலையா?"

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். புது விமானங்களில் அவருக்கு வேலை இல்லை. திரும்பி வந்தால் ஸ்டோரில் உட்காரவைத்து விடுவார்கள். தீவில், விடியற்காலையில் இது இருமினால் அவரைத்தான் வந்து எழுப்புகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் நீட்டித்துக் கேட்டது அவர்தான். அவள் நினைப்பு இல்லாமல் இல்லை. சாயங்காலமானால் கடற்கரையில் போய் நின்று எந்தப் பக்கம் வீடு என்று பார்ப்பாராம். ஆனாலும் காலையில் இதன் பக்கத்தில் வந்துவிட்டால் கை அதுவாக வேலைக்குப் போய்விடுகிறது.

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. இந்த மனுஷனைத்தானே கட்டிக்கொண்டோம் என்று மட்டும் இருந்தது. எட்டி அவர் தாடியைத் தொட்டாள், சொரசொரவென்று இருந்தது.

"அடுத்த மாசம் அடுத்த மாசம்னு மட்டும் சொல்லாதீங்க. எவ்வளவு நாளுனு நெசத்தச் சொல்லுங்க. காத்திருக்க எனக்குத் தெரியும்."

அவர் தலை குனிந்து, இறக்கையின் ஆயுசு இன்னும் ரெண்டு வருஷம்தான் என்றார். அதற்கு மேல் இதைப் பறக்க விடமாட்டார்கள்.

"அப்ப ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம்," என்றார். அவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். கடைசிப் பெட்டி வந்து, யாரோ அவரைக் கூப்பிடும்வரை விடவில்லை.

விசிறிகள் முதலில் சிணுங்கி, பிறகு அலறின. புழுதியும் எண்ணெய் நாற்றமும் முகத்தில் அடித்தன. அவள் கண்ணை மூடவில்லை. ஜன்னலில் அவர் இருக்கிறாரா என்று தேடினாள். சுழலும் விசிறிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. வானம் துடைத்துவிட்டது போலிருந்ததால் சிணுங்கி புள்ளியாகும்வரை, புள்ளியும் இல்லாமல் போகும்வரை பார்க்க முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் இன்னும் சட்டையைக் கழற்றவில்லை. தட்டு வைத்துப் பரிமாறினாள். மகன் இளைத்துவிட்டானா, எப்போது வருகிறானாம் என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமாம் மாமா."

அவர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். ஏதோ கணக்குப் போடுவது போல உட்கார்ந்திருந்தார். பிறகு மறுபடி எடுத்துச் சாப்பிட்டார்.

"அப்படின்னா நான் உடம்பப் பாத்துக்கணும்," என்றார். "நாளையிலேருந்து எனக்கு உப்பக் கொஞ்சம் கொறச்சே போடும்மா."