உப்புத் தண்ணீர் வரும் வழி

கிள்ளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடலோர ஓடைக்கரையில், உப்புத் தண்ணீரிலேயே வளரும் சுரபுன்னைக் கன்று நட்டபோது, எட்டாம் வகுப்புத் தமிழ்ச்செல்வி மனசுக்குள் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டாள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா மாரியம்மாள், அத்தையின் போனில் பேசியபோது விளையாட்டாகச் சொல்லியிருந்தாள்: "உன் செடி இடுப்பு உசரம் வரட்டும், நான் வந்துடறேன்."

அம்மாவுக்கு அது பேச்சு. மகளுக்கு அது வாக்கு.

கடல் பொங்கி வந்துபோன பிறகு அந்தக் கரை மொட்டையாகக் கிடந்தது. தட்சிணாமூர்த்தி சார் பிள்ளைகளோடு சேற்றில் இறங்கி, ஓடையிலிருந்து சின்னச் சின்ன வாய்க்கால்கள் வெட்டினார். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரணும், வற்றும்போது திரும்பிப் போகணும், அதுதான் இந்தச் செடிக்கு மூச்சு என்றார். தமிழ்ச்செல்வி காதில் அது விழுந்தது; மனம்தான் ஏற்கவில்லை. சொந்த ஊரான கீரப்பாளையத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, அவர்களுடைய குத்தகை நெல்லைக் கருக்கிய வருஷம்தான் அம்மா அவளைக் கிள்ளையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். அம்மாவைக் கொண்டுபோன உப்பு செடியை மட்டும் விட்டுவைக்குமா?

பங்குனியில் இலைகளின்மேல் உப்பு வெள்ளையாகப் படிந்தபோது அவள் ஒவ்வோர் இலையாகத் துடைத்துப் பார்த்தாள்; மறுநாளும் படிந்திருந்தது. ஒரு சாயங்காலம் தனியாகப் போய், வயலில் மடை அடைப்பதுபோல வாய்க்காலின் வாயைச் சேற்றால் அடைத்தாள். காலால் மிதித்து, கையால் வழித்து மெழுகினாள். சாமியைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பரீட்சை முடிந்து எல்லாரும் கரைக்கு வந்தபோது, வாய்க்கால் வாய் அடைபட்டு, உள்ளே தேங்கிய தண்ணீர் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவள் வரிசை முழுக்கக் கருகிவிட்டது. பக்கத்தில், கூடப் படிக்கும் சுவேதாவின் வரிசையிலும் பாதி போயிற்று.

"நண்டு மம்பட்டி எடுத்துட்டு வந்து அடச்சிச்சா?" என்று வகுப்புப் பையன் ராஜ்கமல் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

மீன்பிடிக்கிறவர் மகளான சுவேதா சிரிக்கவில்லை. குனிந்து, காய்ந்த சேற்றில் பதிந்திருந்த விரல் தடத்தைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் வரப்பு மெழுகத் தெரிந்தவள் ஒருத்திதான். தமிழ்ச்செல்வியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, யார் கண்ணிலும் படுமுன் அந்தத் தடத்திலேயே கைவைத்துத் தோண்ட ஆரம்பித்தாள். ஆண்டவன் சன்னிதியில் இதுவும் ஒரு பூசைதான்.

"வாடி, நீ அந்தப் பக்கம் தோண்டு. தண்ணி ஏறுற நேரம்."

தோண்டிக்கொண்டே தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள், அம்மா சொன்ன இடுப்பு உயரம் உட்பட.

"எங்கப்பா போற தண்ணிலதான் போவாரு, வர்ற தண்ணிலதான் வருவாரு," என்றாள் சுவேதா. "அத அடச்சா எப்டிடி?" பிறகு தன் வரிசையில் பச்சையாக நின்ற ஒரு கன்றைக் காட்டினாள். "அத நீ வச்சிக்க."

ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டாள். செடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டாள். இடுப்புவரை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"எல்லாம் பட்டுப்போச்சும்மா. ஒண்ணுதான் இருக்கு, முழங்காலுக்குக் கீழ. அதுவும் சுவேதா குடுத்தது."

இந்த வருஷம் லீவு தரமாட்டார்களாம் என்று சொல்லத்தான் அம்மா கூப்பிட்டிருந்தாள். அதைச் சொன்னாள். பிறகு, "அது மெதுவா வளரட்டும்டி. நீ பாத்துக்க," என்றாள்.

அன்று சாயங்காலம் தமிழ்ச்செல்வி கன்றை ஒட்டி நின்று தன் காலோடு அளந்து பார்த்தாள். பிறகு வாய்க்கால் வாயில் போய் நின்றாள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் பாதத்தைத் தொட்டதும், அவள் ஒதுங்கி அதற்கு வழிவிட்டாள்.