காகிதப் பட்டையும் அவசரமும்

கல்குவாரியில் அவருக்கு ‘அவசரம்’ என்றே பெயர். அவருடைய இரண்டு கருவிழிகளின் மீதும் முன்பு சதை படர்ந்திருந்தது. இடது கண்ணில் இரண்டு வருடம் முன்பு சதையை வெறுமனே வெட்டி எடுத்தார்கள். சீக்கிரம் வேலைக்குப் போகலாமே என்று அவர்தான் அதைக் கேட்டு வாங்கினார். சதை திரும்ப முளைத்துவிட்டது. வலது கண்ணில் ஒரு மாதம் முன்பு வெட்டிய இடத்தில், அதே கண்ணின் மேல்சவ்வைக் கொஞ்சம் எடுத்து ஒட்டினார்கள். இன்று டாக்டர் சீட்டுக் கொடுத்தால்தான் நாளை கல்லுடைக்கப் போகலாம்.

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவருடைய இரண்டு கீழிமையிலும் காகிதப் பட்டையைச் செருகித் தொங்கவிட்டாள்.

“அஞ்சு நிமிஷம் கண்ண மூடிட்டு அசையாம இருங்கண்ணே. கண்ணீர் எவ்வளவு ஊறுதுன்னு பாக்கணும்.”

அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. வலது பட்டை கன்னத்தில் ஈரமாக ஒட்டியது. இடது பட்டை காய்ந்தே கிடந்தது. நர்ஸின் செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போனதும், விரலை நாக்கில் தொட்டு இடது பட்டையின் நுனியில் ஒற்றினார்.

திரும்பி வந்தவள் பட்டைகளை உருவிப் பார்த்தாள்.

“ஏண்ணே, எல்லாருக்கும் கண்ணீர் மேலேர்ந்து எறங்கும். உங்களுக்கு மட்டும் கீழேர்ந்து ஏறுது. நடுவுல காஞ்சு கெடக்கே!”

“எச்சில்தாம்மா” என்றார். “காஞ்சிருந்தா சீட்டுத் தர மாட்டாங்களே. இடது கண்ணுலயும் ஒட்டுப் போட்டா எத்தன நாளு?”

“மறுபடியும் ஒரு மாசம் குவாரிப் பக்கமே தலை வைக்கக் கூடாது.”

அவர் வாசலைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

“புதுப் பட்டை வைம்மா” என்று சொல்லி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு கண்ணை மூடினார். கால் மட்டும் ஆடியது.